ராமநாதபுரம் கரையில் மடிக்கணினிக்கு நெட்: எந்த மோடம் எடுபடும்?

தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் மிக நீளமான கரை ராமநாதபுரத்தினுடையது. வடக்கே எஸ்.பி.பட்டினத்தில் தொடங்கித் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று பாக் நீரிணையின் ஓரமாக வந்து, அரிச்சல்முனையில் திரும்பி, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று மன்னார் வளைகுடாவின் ஓரமாக வேம்பாற்று எல்லையை நெருங்கும் வரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர் நீள்கிறது இந்தக் கரை. இங்கே மடிக்கணினியோடு வருகிறவர்கள் இப்போது குறைவில்லை. குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்து அறையிலிருந்தே அலுவலக வேலையை முடிக்க நினைப்பவர், மண்டபத்துக்குக் கடல் ஆய்வுக்காக வரும் மாணவர், மீனவர் பிரச்சினை பற்றிச் செய்தி அனுப்ப வேண்டிய நிருபர், படம் பிடித்த அன்றே கோப்புகளை ஏற்றியாக வேண்டிய ஒளிப்படக்காரர் எனப் பலருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: போகுமிடத்தில் நெட் எடுக்க வேண்டும்.

இதற்காக மோடம் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "இதில் எது ஸ்பீடு?" என்பதாகவே இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 150, 300 அல்லது 600 எம்பிபிஎஸ் என்ற எண்ணை வைத்து அவர் முடிவெடுக்கிறார். அந்த எண் பொய்யில்லை என்றாலும், இந்தக் கரையில் அதனால் பெரிய பயன் இல்லை. 4ஜி கருவிகளில் நான்காம் வகை எனப்படும் சாதாரணக் கருவி 150 எம்பிபிஎஸ்ஸை எட்டுவதற்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைக்கற்றை வேண்டும். ஊர்களுக்கு இடைப்பட்ட கடற்கரைச் சாலையிலோ மீனவர் குடியிருப்பிலோ உங்கள் கருவிக்கு எட்டுவது பல வேளைகளில் 5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள, குறைந்த அதிர்வெண் கொண்ட அலைக்கற்றையாகவே இருக்கும். அந்த அகலத்தில் வழக்கமான இரட்டை ஆன்டெனா முறையில் கிடைக்கக்கூடிய உச்சமே 37 எம்பிபிஎஸ் அளவுதான். அதையும் அந்த டவரின் கீழ் இருக்கும் அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே 150 என்று போட்ட கருவியும் 600 என்று போட்ட கருவியும் அங்கே ஒரே நிலையில்தான் நிற்கும். பல அலைக்கற்றைகளை ஒரே நேரத்தில் சேர்த்துப் பயன்படுத்தும் உயர்வகைக் கருவியின் மேன்மை, அப்படிச் சேர்ப்பதற்கு இரண்டு அலைக்கற்றைகளாவது கிடைக்கும் நகரத்துக்குள் மட்டுமே தெரியும். முதலில் பார்க்க வேண்டியது எந்தெந்த பேண்டுகளை, அதாவது எந்தெந்த அதிர்வெண் அலைக்கற்றைகளை, கருவி பிடிக்கும் என்பதை; வேகத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

இந்த நிலம் தட்டையானது. பனையும் சீமைக் கருவேலமும் தவிர அலையை மறிக்கக்கூடியது அதிகமில்லை. ஆனால் ஊர்கள் விலகி விலகி இருப்பதால் டவர்களும் விலகியே இருக்கின்றன. அதிர்வெண் குறையக் குறைய அலை அதிகத் தொலைவு போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். அதிர்வெண் கூடக் கூட அகலமான அலைக்கற்றை கிடைக்கும், ஆனால் எட்டும் தூரம் சுருங்கும். நாட்டளவில் ஜியோவின் 4ஜி சேவை 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைகளில் ஓடுகிறது. கருவிக் குறிப்பேட்டில் இவை 5, 3, 40 என்ற பேண்ட் எண்களாக இருக்கும். ஏர்டெல் 900, 1800, 2100, 2300 ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. இவற்றுக்கான எண்கள் 8, 3, 1, 40. வோடஃபோன் ஐடியாவும் 900, 1800, 2100 ஆகியவற்றை வைத்திருக்கிறது. எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்தில் எதன் அளவு எவ்வளவு என்பது மாறும் என்றாலும், வாங்கும் கருவியில் 1, 3, 5, 8, 40 ஆகிய ஐந்தும் இருந்தால் இந்த மூன்று நிறுவனங்களின் 4ஜி சேவைகளில் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும்.

நான்காவது நிறுவனத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிஎஸ்என்எல் தன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவையை 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாக அறிமுகப்படுத்தியது. அது 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, மற்றும் 2100 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 1, ஆகியவற்றில் வருகிறது. தனியார் நிறுவனங்கள் ஆள் நடமாட்டத்தைப் பார்த்து டவர் வைத்த இடங்களுக்கு அப்பாலும் பிஎஸ்என்எல் டவர்கள் உண்டு என்பதால் கடலோரக் கிராமங்களைச் சுற்றப் போகிறவர் இதைப் புறக்கணிக்கக் கூடாது. சிக்கல் என்னவென்றால், இந்தியாவில் நெடுநாள் விற்ற பழைய டாங்கிள்கள் (யுஎஸ்பி துளையில் செருகும் மோடம்), பாக்கெட் ரவுட்டர்கள் (பேட்டரியில் ஓடி வைஃபை தரும் மோடம்) பலவற்றில் பேண்ட் 28 கிடையாது. பிஎஸ்என்எல் சிம்மை அப்படிப்பட்ட கருவியில் போட்டுவிட்டு "இங்கே பிஎஸ்என்எல் எடுக்கவே இல்லை" என்று சொல்பவரின் பக்கத்திலேயே, அதே சிம்மைப் புதிய போனில் போட்டவர் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

பேண்ட் விஷயத்தில் இந்தக் கரைக்கே உரிய ஒரு கண்ணியும் இருக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் இல்லாத வீடு அரிது. ஊருக்கு வரும்போது அவர்கள் கொண்டுவரும் மோடங்கள் பல வீட்டு மேசைகளில் கிடக்கின்றன. எந்த நிறுவனத்துச் சிம்மையும் ஏற்கும், பூட்டு இல்லாத, நல்ல நிறுவனத்துக் கருவிதானே என்று எடுத்துப் போட்டால் பாதி நேரம் சிக்னல் தேடிக்கொண்டே இருக்கும். ஹுவாவேயின் இ3372எச் டாங்கிளை எடுத்துக்கொள்ளலாம். பின்புற ஒட்டுத்தாளில் அந்தப் பெயருக்குப் பின் ஒரு சிறு கோடும் மூன்று இலக்கங்களும் இருக்கும். 153 என்று முடிந்தால் அது ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்தது. 1, 3, 7, 8, 20 ஆகிய பேண்டுகளைப் பிடிக்கும். 607 என்று முடிந்தால் 1, 3, 7, 8, 28, 40 ஆகியவற்றைப் பிடிக்கும். உறை, நிறம், விளக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதில் உள்ள 20 இந்தியாவில் பயன்பாட்டில் இல்லை. 5, 40 இரண்டும் அதில் இல்லாததால் ஜியோ சிம்முக்கு 1800 மட்டுமே மிஞ்சும். இரண்டாவதிலும் 5 இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜியோவின் தூரம் போகும் அலைக்கற்றை அதற்கும் எட்டாது. அமெரிக்காவிலிருந்து வரும் கருவிகளில் இந்தப் பொருத்தமின்மை இன்னும் அதிகம். வெளிநாட்டுக் கருவியை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. ஒட்டுத்தாளில் இருக்கும் முழு மாதிரி எண்ணைக் கொண்டு அதன் பேண்ட் பட்டியலைத் தேடிப் பார்த்த பிறகு முடிவெடுக்க வேண்டும்.

அலமாரியில் கிடக்கும் பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய டாங்கிளைப் பற்றி ஒரு வார்த்தை போதும். ரிலையன்ஸ், டாடா, எம்டிஎஸ் நிறுவனங்கள் விற்ற, சிடிஎம்ஏ என்ற பழைய தொழில்நுட்ப டாங்கிள்களுக்கு இணைய ஒரு சேவையே இப்போது இல்லை. 3ஜி டாங்கிளில் ஏர்டெல் சிம்மைப் போட்டாலும் பயனில்லை. அந்நிறுவனம் 3ஜியை 2020க்குள் மூடிவிட்டது. ஜியோ 2016இல் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான்.

இனி வடிவத்துக்கு வரலாம். மடிக்கணினிக்கு மொபைல் இணையம் தர நான்கு வழிகள் இருக்கின்றன: கையில் இருக்கும் போனின் ஹாட்ஸ்பாட், யுஎஸ்பி டாங்கிள், சட்டைப்பையில் அடங்கும் பேட்டரி ரவுட்டர், மடிக்கணினிக்குள்ளேயே பொருத்தும் கார்டு. இவற்றில் போனை யாரும் மோடமாக எண்ணுவதில்லை என்றாலும், நடுத்தர விலையில் வாங்கிய புதிய போனில் இருக்கும் மோடம் கடையில் கிடைக்கும் டாங்கிள்கள் பெரும்பாலானவற்றைவிட மேலானது. இந்தியாவில் பயன்பாட்டில் உள்ள எல்லா பேண்டுகளும் அதில் இருக்கும், பேண்ட் 28 உட்பட, அலைக்கற்றைகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் திறன் இருக்கும், 5ஜியும் இருக்கும். 5ஜி கிடைக்கும் ராமநாதபுரம், ராமேஸ்வரம் போன்ற நகரங்களில் அதைப் பெற மிக மலிவான வழி போன்தான். இரண்டு நாள் பயணத்துக்கு, மின்னஞ்சலும் இரண்டொரு காணொளிக் கூட்டமும் மட்டுமே வேலை என்றால், தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

ஆனால் போனுக்கு மூன்று குறைகள் உண்டு. ஹாட்ஸ்பாட் போட்டு வெயிலில் வைத்தால் போன் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு சிம் போட்ட போன்களில் பலவற்றில், இரண்டாம் சிம்மின் டேட்டாவைப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது முதல் சிம்முக்கு அழைப்பு வந்தால் பேசி முடிக்கும் வரை நெட் நின்றுவிடும். கூட்டத்தின் நடுவில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தவர்களுக்கு இது தெரியும். மூன்றாவது, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் போனை வைத்துவிட்டு வேறிடத்தில் உட்கார முடியாது. போன் எப்போதும் நம் கையில் இருந்தாக வேண்டும். ஆப்பிள் மடிக்கணினி வைத்திருப்பவர்கள், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களின் யுஎஸ்பி வழிப் பகிர்வு தங்கள் கணினியில் தானாக எடுக்காது என்பதையும், வைஃபை வழியைத்தான் நம்ப வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

இந்தக் கரைக்குப் பேட்டரி ரவுட்டர் பொருத்தமானதாக எனக்குத் தோன்றுவது அந்த மூன்றாவது குறையால்தான். ராமேஸ்வரத்தில் சந்நிதித் தெருக்களை ஒட்டிய விடுதிகளில் உள்பக்க அறையில் ஒரு கோடுகூட வராத இடத்தில் ஜன்னல் விளிம்பில் நல்ல சிக்னல் இருக்கும். கீழக்கரையின் பழைய தெருக்களில், தடித்த சுண்ணாம்புச் சுவர் வீடுகளுக்குள்ளும் இதே கதைதான். ரவுட்டரை ஜன்னலிலோ மொட்டை மாடிப் படிக்கட்டின் மேல்முனையிலோ வைத்துவிட்டு, உள்ளே மின்விசிறிக்குக் கீழ் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வைஃபை அந்தச் சிறு தூரத்தைக் கடந்துவிடும். டாங்கிளோ கணினியோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் கணினி இருக்கும் இடத்தில்தான் அதற்குச் சிக்னல். அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்று இருந்தால் இந்தக் குறை சற்றுக் குறையும். அந்தக் கம்பிக்கு வேறொரு பயனும் உண்டு. மடிக்கணினியின் யுஎஸ்பி 3 துளையிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தில் ரேடியோ இரைச்சல் கசியும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஆவணப்படுத்தியிருக்கிறது. 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. எனவே டாங்கிளை யுஎஸ்பி 2 துளையில் செருகுவதோ, கம்பி போட்டுத் தள்ளி வைப்பதோ நல்லது.

உள்ளே பொருத்தும் கார்டு நாள்தோறும் பயணத்திலேயே இருப்பவர்களுக்கானது. மடிக்கணினி வாங்கும்போதே அதற்கான ஆன்டெனாக் கம்பிகள் திரையின் சட்டத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். இல்லாத கணினியில் பிறகு சேர்ப்பது வீண் வேலை. சில நிறுவனங்களின் கணினிகள் தாங்கள் அங்கீகரித்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை. வாய்ப்பு இருந்தால் நல்ல வசதிதான். அதற்காக மட்டும் கணினியை மாற்ற வேண்டியதில்லை.

எந்தக் கருவியாக இருந்தாலும், அதில் போடும் சிம் போனில் இருக்கும் நிறுவனத்தினுடையதாக இருக்கக் கூடாது. கருவிக்குச் செலவழிக்கும் பணத்தைவிட இந்த ஒரு முடிவு அதிகப் பயன் தரும். ஒரு நிறுவனம் எடுக்காத இடத்தில் இன்னொன்று எடுக்கும் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு முறை போய்வந்தாலே தெரியும். (மின்தடை நீண்டு டவரின் பேட்டரி தீர்ந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து போகலாம், பல இடங்களில் ஒரே கோபுரத்தில்தான் இரண்டு மூன்று நிறுவனங்களின் கருவிகள் இருக்கின்றன.) போனில் இருக்கும் முதன்மைச் சிம்மைக் கழற்றி மோடத்தில் போடுவதையும் தவிர்க்க வேண்டும். வங்கியின் ஓடிபி அந்தச் சிம்முக்குத்தான் வரும், யுபிஐ செயலி அந்தச் சிம்மைத்தான் தேடும், அழைப்புகளும் நின்றுபோகும். டேட்டாவுக்கென்று தனிச் சிம் வாங்கி மோடத்திலேயே விட்டுவிடுவதுதான் முறை.

சிக்னல் எவ்வளவு என்பதைக் கோடுகளை எண்ணி அறிய முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி கோடு போடுகிறது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் உண்மையான எண்கள் கிடைக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரி ஒன்று கருவியின் முதுகில் எழுதியிருக்கும். அங்கே ஆர்எஸ்ஆர்பி என்ற எண் டவரின் அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதைக் காட்டும். அது எதிர்ம எண்ணாக இருக்கும்; −80 என்றால் மிக நன்று, −100 என்றால் பரவாயில்லை, −110ஐத் தாண்டினால் தடுமாற்றம், −120 என்றால் விளிம்பு. அதன் பக்கத்தில் எஸ்ஐஎன்ஆர் என்று இன்னொரு எண் இருக்கும்; இரைச்சலோடு ஒப்பிடும்போது சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை அது சொல்லும். 20க்கு மேல் அருமை, பூஜ்யத்தை ஒட்டினால் மோசம். இந்த இரண்டையும் காட்டும் கருவியை வாங்க வேண்டும் என்பது என் வலுவான பரிந்துரை. காட்டாத கருவியோடு அறையில் எங்கே வைப்பது என்று தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான். எந்த பேண்டில் இணைய வேண்டும் என்பதைப் பூட்டி வைக்கும் வசதியும் இருந்தால், அந்தக் கருவிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

கடலை ஒட்டிய இடங்களில் இன்னொரு குழப்பம் நேர்கிறது. திரையில் சிக்னல் இருக்கும், இணையம் ஓடாது. திருவிழாப் பந்தலின் குழாய் ஒலிபெருக்கி ஊர் எல்லை வரை கேட்கும். எல்லையில் நிற்பவர் பதிலுக்குக் கூவினால் பந்தலில் கேட்காது. டவருக்கும் மோடத்துக்கும் இடையிலும் இதே நிலைதான்: டவரின் கருவி பல பத்து வாட் ஆற்றலில் பேசுகிறது; நம் மோடம் பேசக்கூடிய உச்சம் 0.2 வாட். கடற்பரப்பில் மறிப்பு ஏதும் இல்லாததால் தொலைவிலுள்ள டவரின் அலை நன்றாகவே வந்து சேரும், நம் பதில்தான் போய்ச் சேராது. அதற்கும் மேல், 4ஜி டவர் ஒன்று எவ்வளவு தொலைவிலிருந்து வரும் அழைப்பை ஏற்கும் என்பதற்கே ஒரு வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான அமைப்பில் அது 14 கிலோமீட்டரை ஒட்டியது. வேறு அமைப்புகளில் நூறு கிலோமீட்டர் வரை நீட்ட முடியும், ஆனால் எல்லா டவரிலும் அப்படி நீட்டியிருக்க மாட்டார்கள். எனவே நீர்ப்பரப்பைத் தாண்டி வரும் சிக்னலை நம்பி உட்காருவதைவிட, வலு சற்றுக் குறைவாகத் தெரிந்தாலும் அருகிலுள்ள டவரைப் பிடிப்பது நல்லது. படமும் காணொளியும் ஏற்ற வேண்டியவர்கள் பேண்ட் 40 பற்றி ஒன்று அறிந்திருக்க வேண்டும். அது இறக்கத்தையும் (டவுன்லோடு) ஏற்றத்தையும் (அப்லோடு) ஒரே அலைக்கற்றையில் மாறி மாறி நடத்தும் வகை. நேரத்தின் பெரும்பங்கு இறக்கத்துக்கே ஒதுக்கப்படுகிறது. வேகச் சோதனையில் இறக்கம் பிரமாதமாகக் காட்டிவிட்டுக் கோப்பை ஏற்றும்போது இழுத்தடித்தால், 1800க்கோ 850க்கோ மாற்றிப் பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிரான நிலை ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் வரும். அக்னி தீர்த்தக் கரையிலும் ரத வீதிகளிலும் திரளும் கூட்டத்தின் கையில் ஆளுக்கொரு போன். நீராடும் உறவினரைக் காணொளி அழைப்பில் காட்டுபவர்கள் பாதிப் பேர். அப்போது ஆர்எஸ்ஆர்பி −75 என்று பிரமாதமாக இருக்கும். எஸ்ஐஎன்ஆர் மட்டும் விழுந்திருக்கும், பக்கம் ஒன்று திறக்க ஒரு நிமிடம் ஆகும். இது சிக்னல் குறைவு இல்லை, நெரிசல். ஆன்டெனா வாங்கிப் பொருத்தினாலும் தீராது. தூரம் போகும் 850, 900 அலைக்கற்றைகளில் எல்லாரும் நெருக்கிக்கொண்டிருக்கும்போது, தூரம் குறைவான ஆனால் அகலமான 2300ஐப் பிடித்தால் சற்று மூச்சு விடலாம். பேண்டைப் பூட்டும் வசதி பயன்படுவது இங்கேதான். அதே ஆள் மறுநாள் தனுஷ்கோடிப் பக்கம் போனால் அந்தப் பூட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால், 2300 எட்டாத இடத்தில் கருவி சிக்னலே இல்லை என்று சாதிக்கும். அமாவாசை அன்று முக்கியமான கூட்டம் இருந்தால், பாம்பன் பாலத்துக்கு இப்பால் மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ அறை எடுப்பது எந்த மோடத்தையும்விடச் சிறந்த தீர்வு.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அப்பால், அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை திறந்த பிறகு அங்கே போகாமல் திரும்புகிறவர் இல்லை. அந்த முனையிலிருந்து தலைமன்னார் கடல்வழியில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இலங்கையின் டயலாக், மொபிடெல் சிக்னல்கள் இங்கே கருவிகளில் தலைகாட்டுவதுண்டு. வேறு எல்லைப் பகுதிகளில் போன் அயல்நாட்டு வலையமைப்புக்குத் தாவினால் கடிகாரம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இலங்கை 2006லிருந்து நமக்குரிய அதே நேரத்தைக் கடைப்பிடிப்பதால் இங்கே அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. சிம்மில் பன்னாட்டு ரோமிங் திறந்திருந்தால் கட்டணம் ஓடும். திறக்காவிட்டால், அனுமதி மறுக்கும் வலையமைப்பை மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்துக் கருவி பேட்டரியைத் தீர்க்கும். பாம்பனைத் தாண்டும் முன்பே மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, வலையமைப்புத் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, நம் நிறுவனத்தைக் குறித்துவிட வேண்டும். பட்டியலில் பெயருக்குப் பதில் எண் வந்தால் 404, 405 என்று தொடங்குபவை இந்தியா. 413 என்று தொடங்குபவை இலங்கை. நெட் எடுக்காத இடத்துக்குச் செயற்கைக்கோள் போன் கொண்டு போகலாமே என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர் நினைக்கலாம். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், கண்காணிப்பு மிகுந்த இந்தக் கரையில் அது வீண் வம்பு.

டேட்டா திட்டத்தில் கவனிக்க வேண்டியது தினசரி வரம்பு. நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி என்பது போனுக்குத் தாராளம், மடிக்கணினிக்கு ஒரு காலைப்பொழுது. காணொளிக் கூட்டம் ஒன்று மணிக்கு அரை ஜிபியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை தின்னும். வரம்பு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக இறங்கும் திட்டங்களில், 5 எம்பி அளவுள்ள ஒரே ஒரு படத்தை அனுப்பப் பத்து நிமிடத்துக்கு மேலாகும். இதில் மடிக்கணினியும் நமக்கு எதிராகவே வேலை செய்கிறது. உள்ளே பொருத்திய கார்டு வழியாக இணைந்தால் அது அளவுள்ள (மீட்டர்டு) இணைப்பு என்று விண்டோஸ் தானாகப் புரிந்துகொள்ளும்; பேட்டரி ரவுட்டர் வழியாக இணைந்தாலோ, வீட்டு வைஃபை என்று எண்ணிப் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கிவிடும். அமைப்புகளில் அந்த வைஃபை பெயரைத் தேர்ந்து மீட்டர்டு இணைப்பு என்று குறித்துவிட்டு, மேகச் சேமிப்புச் செயலிகளை நிறுத்திவைத்தால் டேட்டா பாதி மிஞ்சும். தினசரி வரம்பு இல்லாமல் மொத்தமாகக் கொடுக்கும் டேட்டா திட்டம் மோடத்துக்கு ஏற்றது. கூடுதல் விலை என்றாலும், ஒரே நாளில் நாலு ஜிபி ஏற்ற வேண்டியவருக்கு அது மட்டுமே வழி.

பழைய கருவியை வாங்குவதில் தவறில்லை, இரண்டைச் சரிபார்த்தால். முதலாவது பூட்டு: நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்ற ரவுட்டர்கள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்; ஜியோஃபை ஜியோ சிம்முக்கு மட்டும்தான். வேறு நிறுவனத்துச் சிம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்க் கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஐஎம்இஐ: மோடத்துக்கும் அதை அடையாளம் காட்டும் இந்தப் பதினைந்து இலக்க எண் உண்டு. கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது தடைசெய்யப்பட்டதா என்பது தெரியும். டாங்கிளாக இருந்தால், செருகியதும் தனியொரு வலைக் கார்டுபோல் தன்னைக் காட்டிக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஓட்டுமென்பொருள் (டிரைவர்) நிறுவி, இணைப்பு எண்ணை அழுத்தி இயக்கும் பழைய வகை புதிய விண்டோஸிலும் ஆப்பிளிலும் தகராறு செய்யும். லினக்ஸ் வைத்திருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் ஏற்கெனவே பட்டிருப்பார்கள்.

எஞ்சியது வெயிலும் உப்பும். பேட்டரி ரவுட்டர் ஒரு முழு மின்னேற்றத்தில் பொதுவாக ஐந்தாறு மணி நேரம் ஓடும். சிக்னல் மோசமான இடத்தில் அதன் குரல் உச்சத்துக்குப் போவதால் நேரம் குறையும். அதைக் காரின் முன்பலகையில் வெயில் படும்படி வைத்து, சார்ஜரிலும் போட்டுவிட்டால் பேட்டரி உப்பிப்போகும். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரிக்கு மின்னேற்றுவது நல்லதில்லை. பேட்டரியைத் தனியே கழற்ற முடிகிற மாதிரி கிடைத்தால் அதை வாங்கலாம், உப்பினால் மாற்ற முடியும். டாங்கிளின் செருகுமுனையும் சிம்மின் தகடும் கடற்காற்றில் சில நாட்களிலேயே மங்கத் தொடங்கும். பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்று வீசும் மாதங்களில் திறந்த ஜன்னலில் வைத்த ரவுட்டரின் சார்ஜ் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடியாக உப்புப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். இணைப்பு அடிக்கடி அறுந்தால் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன், கருவியை அணைத்து, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு முனைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் மூடி இறுகிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டு வைத்தால் கருவி ஊர் திரும்பிய பிறகும் உழைக்கும்.